ஒன்பது சிவப்பு வட்டங்கள்

முருகன் துணை

ஷாதிபூர், போர்ட் பிளேர்
19 ஜனவரி 2025

அன்புள்ள சொர்ணம்மா மதினிக்கு, நீலாவதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

போகியன்று காலை எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஒன்று நீங்கள், பலகையில் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு நான், அடுப்பருகே. மூன்று உங்கள் தம்பி, கையில் பழைய பேப்பர் கட்டு. நான்கு எங்கள் மகள் கார்த்திகா, லேப் வேலைக்குக் கிளம்பி ஒரு கால் செருப்பில். ஐந்து பக்கத்து வீட்டு ஸ்வப்னா, தயிருக்கு உறை வாங்க வந்தவள், டம்ளரைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றாள். சுவரில் இருந்த முருகனைச் சேர்த்தால் ஆறு. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், "ஊரைக் கூட்டி வைத்து என்னை அவமானப்படுத்தினாள்" என்று நீங்கள் சென்னையில் உங்கள் மகன் குமரனிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஊர் இல்லை மதினி. ஐந்து பேர்தான்.

உங்கள் தம்பி எரிக்க எடுத்த கட்டிலிருந்து என் நீல அட்டை நோட்டு விழுந்தது. நீங்கள் எடுத்துப் பிரித்தீர்கள். "மதினி காலை இட்லி 2, மதியம் சோறு ஒரு கரண்டி" என்று தினப்படி இருந்ததைப் படித்தீர்கள். சில நாள் "இட்லி 4" என்று இருந்து, அதைச் சுற்றி சிவப்பு வட்டம் இருந்ததையும் பார்த்தீர்கள். "வயித்து வலின்னு வந்தவ எத்தனை இட்லி தின்னான்னு எண்ணி வெச்சிருக்கியா, நாலு தின்னா சிவப்பு மையா" என்று கேட்டீர்கள். நோட்டை எரிக்கச் சொன்னீர்கள். பிறகு முருகன் படத்தில் கை வைத்து, "இனி இவ குரல் என் காதுல விழக்கூடாது" என்றீர்கள். அன்றே வைத்தியத்துக்கென்று சென்னைக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

எண்ணியது உண்மை. எழுதியதும் உண்மை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எதையும் எழுதி வைத்தால்தான் எனக்குப் புரியும். எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு வலி வருகிறது என்று பார்க்கத்தான் எழுதினேன். பெரார்கஞ்சிலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள், நவம்பர் நான்கிலிருந்து போகி வரை எழுபத்தொரு நாள். சிவப்பு வட்டம் எதற்கு என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. சொல்லக்கூடாதது என்பதால் அன்றும் வாயைத் திறக்கவில்லை.

என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். இருக்கட்டும். நீங்கள் செய்த சத்தியம் குரலுக்கு, எழுத்துக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன். வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்தார்களா? என்ன சொன்னார்கள்?

இப்படிக்கு,
நீலாவதி

---

தாம்பரம்
30 ஜனவரி 2025

நீலாவதிக்கு,

உன் லெட்டர் கிடைச்சுது. படிச்சேன். குமரன்தான் படிக்கச் சொன்னான், இல்லாட்டி படிச்சிருக்க மாட்டேன்.

அஞ்சு பேர்னு கணக்குச் சொல்றே. ஸ்வப்னா ஒருத்தி போதாதா? அவ வாய் ஒண்ணு போதும், ஷாதிபூர், ஜங்லிகாட் வரைக்கும் சேதி போக. வீட்டுக்கு வந்த நாத்தனார் தின்ன இட்லிக்கு ஒருத்தி கணக்கு வைப்பாளா? நம்ம ஊர் செல்லுலார் ஜெயில்லகூட கைதிக்கு அளந்து போட்டாங்களே ஒழிய, தின்னதைச் சிவப்பு மையில எழுதினாங்களான்னு தெரியலை. அந்த ஜெயிலைப் பார்த்த எங்க தாத்தா இருந்திருந்தா கேட்டுச் சொல்வேன்.

குழாய் விட்டாங்க, இருபத்து நாலாம் தேதி. மயக்கம் தெளிஞ்சு எழுந்தா தொண்டையில ஒரு மூட்டை பாக்கு அடைச்ச மாதிரி. வயித்துல புண் இருக்குதாம், சுத்தி தடிச்சும் இருக்குதாம். நாலைஞ்சு இடத்துல துணுக்கு எடுத்து பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, நம்ம கார்த்திகாவைவிட நாலு வயசு கூட இருக்கும். சிரிச்ச முகம். "பயப்படாதீங்க பாட்டி"ங்கிறா. பாட்டியாம். அச்சா, போகட்டும்.

அந்த நோட்டை எரிச்சியா இல்லையா? நீ எரிச்சிருக்க மாட்டே, எனக்குத் தெரியும், காகிதத்துல சரஸ்வதி இருக்கான்னு சொல்லுவே. அப்படின்னா மின்னி பே போய் கடல்ல போட்டுட்டு வா. அது இருக்கிற வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன்.

தம்பி போன் பண்றப்போ நீ பக்கத்துல நிக்கிறது எனக்குத் தெரியும். வளையல் சத்தம் கேக்குது. வளையல் சத்தம் சத்தியத்துல சேராது, அதனால போனை வெக்கலை.

சொர்ணம்மா

---

முருகன் துணை

ஷாதிபூர்
7 பிப்ரவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

நேற்று சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு மின்னி பே போய் வந்தேன். கடல் அமைதியாக இருந்தது. இரண்டு குடும்பம் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது.

உங்கள் பெரார்கஞ்ச் தோட்டத்தை ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். பாக்கு காய்கிறது. கோழி எட்டும் இருக்கின்றன. அந்தக் கழுத்து மொட்டைக் கோழி உங்கள் தம்பியைத் துரத்தியது, அவர் ஓடினார். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

தினமும் கந்தசஷ்டிக் கவசம் இரண்டு முறை சொல்கிறேன், ஒன்று வழக்கமானது, ஒன்று உங்கள் வயிற்றுக்கு. துணுக்கின் முடிவு வந்தவுடன் எழுதுங்கள். உங்கள் தம்பி போனில் கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறீர்களாம். அவர் அதை அப்படியே நம்பி சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு இறங்கவில்லை.

இப்படிக்கு,
நீலாவதி

---

தாம்பரம்
18 பிப்ரவரி 2025

நீலா,

தம்பிகிட்ட சொல்லாததை உனக்கு எழுதறேன். நீ கவனமா படிக்கிறவ. அவன் பாதி கேட்டுட்டு அழுவான்.

கேன்சர்தான். நீ உடனே சாமி அறைக்கு ஓடாதே, உட்கார்ந்து மீதியைப் படி.

முதல் ரிப்போர்ட்டுல வெறும் அழற்சின்னுதான் வந்துச்சு. டாக்டரம்மாவுக்கு மனசு ஒப்பலை. துணுக்கை மெழுகுல பதிச்சு வெச்சிருப்பாங்களாம், அதை வேற இடத்துக்கு அனுப்பி, வேற சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னா. அதுக்குத்தான் இத்தனை நாள். இப்போ பேர் வந்துடுச்சு. மால்ட் லிம்போமா. வயித்துல வர்ற கேன்சர்ல இது ரொம்ப அபூர்வமாம். குமரன் எழுதிக் கொடுத்தான், நான் பார்த்து எழுதறேன்.

டாக்டரம்மா சொன்னதை என் மண்டைக்கு எட்டின மாதிரி சொல்றேன். வயித்துச் சுவர்ல ஒரு கிருமி வந்து குடியேறும். அதை விரட்ட உடம்பு போலீஸை அனுப்பும். கிருமி போகாது. போலீஸும் போகாது. வருஷக்கணக்கா அங்கேயே இருந்து, குடும்பமாகி, பெருகி, கடைசியில போலீஸே தொல்லையாயிடும். நான் சொன்னேன், "இது எங்க தீவுக் கதைதாம்மா, வேலைக்கு வந்தவன் எல்லாம் செட்டிலர் ஆயிட்டான்"னு. அவ சிரிச்சுட்டா. இது மெதுவா வளர்றதாம், ஸ்கேன்லயும் வயித்தைத் தாண்டி வேற எங்கயும் போகலையாம். அதுவரைக்கும் நல்ல சேதி.

இன்னொண்ணு. அந்தக் கிருமியை மாத்திரையால கொன்னுட்டா, போலீஸுக்கு வேலை இல்லாம தானா கலைஞ்சு போறது உண்டாம். முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் குணமாகுதாம். வெறும் மாத்திரை. கேக்க எவ்வளவு நல்லா இருக்கு. ஆனா எனக்குக் கிருமி இல்லையாம். துணுக்குலயும் பார்த்தாங்க, ஒரு பைக்குள்ள ஊதச் சொல்லியும் பார்த்தாங்க. இல்லை. கிருமிக்குக்கூட என்னோட குடித்தனம் நடத்தப் பிடிக்கலை போல. அதனால கரண்ட் வெக்கிறாங்க, கதிர்வீச்சுன்னு பேரு. பதினைஞ்சு தடவை. மார்ச் பத்தாம் தேதி ஆரம்பம்.

வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு மூணு தடவை கேட்டா. பிரஷர் மாத்திரை ஒண்ணு, வேற எதுவும் இல்லைன்னு மூணு தடவையும் சொன்னேன். அறுபத்தோரு வயசுல ஒரே மாத்திரைன்னா பெருமைதானே.

எனக்குப் பயம் இல்லை. கொஞ்சம் இருக்கு. கரண்ட் வெச்சா குமட்டல் வரும், சோறு இறங்காதுங்கிறாங்க. இனிமே என் இட்லியை எண்ண உனக்கு வேலையே இருக்காது.

தம்பிகிட்ட நீயே பக்குவமா சொல்லு.

சொர்ணம்மா

---

முருகன் துணை

ஷாதிபூர்
25 பிப்ரவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மின்னி பே போய் வந்தேன் என்றுதான் எழுதினேன். நோட்டைப் போட்டேன் என்று எழுதவில்லை. போடத்தான் போனேன். கையை ஓங்கினேன், வரவில்லை. எழுபத்தொரு நாள் உங்கள் வயிற்றைப் பற்றி இந்த உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத எழுத்து அது. மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் "போட்டாள்" என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று வாக்கியத்தை அப்படி அமைத்தேன். அது பொய்க்குச் சமம். செவ்வாய்க்கிழமை விரதம் ஒன்று கூடுதலாக இருந்து கழித்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் "வேற எதுவும் இல்லை" என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. நோட்டை எடுத்துப் பிரித்தேன். முதல் நாளே இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை 5.40, மதினி கேஸ் மாத்திரை 1, வெறும் வயிற்றில். இரவு 1." அது தினமும் வருகிறது. காலையில் எழுபத்தொன்று, இரவில் அறுபத்தெட்டு, இரண்டு இரவு மறந்திருக்கிறீர்கள். ஆக நூற்று முப்பத்தொன்பது மாத்திரை, என் கண் பார்க்க. மூக்குக் கண்ணாடிக் கூட்டில் பட்டை பட்டையாக வைத்திருப்பீர்களே, அதுதான்.

கார்த்திகா லேபிலிருந்து வந்ததும் காட்டினேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அம்மா, இந்த மாத்திரை போட்டுட்டே டெஸ்ட் எடுத்தா கிருமி இருந்தாலும் தெரியாம போயிடும். அது அடங்கி ஒளிஞ்சுக்கும். இரண்டு வாரமாவது நிறுத்தின பிறகுதான் பார்க்கணும்" என்றாள். உங்கள் தம்பி அப்போதே குமரனுக்குப் போன் செய்தார். குமரன் உங்களிடம் கேட்டபோது, "நான் எதுவும் போடலை, அவ நோட்டுல இருக்கிறது பொய்" என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நானும் கேட்டேன்.

மதினி, எனக்குத் தெரியும், நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரர் ஜெகநாதன் அண்ணன் கப்பலில் வேலை பார்த்த காலத்திலிருந்து உங்கள் வீட்டில் அது மாத்திரை இல்லை. ஹாவ்லாக் போனாலும் நிக்கோபார் போனாலும் கப்பல் ஏறும்போது குமட்டாமல் இருக்க ஆளுக்கு ஒன்று கொடுப்பார், எனக்கே கொடுத்திருக்கிறார். வெற்றிலை பாக்கு போட்டேன் என்று யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? அப்படித்தான் உங்களுக்கு அதுவும்.

நோட்டையே இத்துடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றாள் கார்த்திகா. போட்டோவைப் பார்த்தால் "இதை இப்போ எழுதி எடுத்திருக்கா" என்பீர்கள். மையின் பழசு கையில் பிடித்தால்தான் தெரியும். டாக்டரம்மாவிடம் காட்டுங்கள். கோபம் இருந்தால் காட்டிய பிறகு கிழித்துப் போடுங்கள். மார்ச் பத்துக்கு முன் காட்டுங்கள்.

இப்படிக்கு,
நீலாவதி

---

தாம்பரம்
6 மார்ச் 2025

நீலா,

நோட்டு திங்கட்கிழமை வந்துச்சு. முதல்ல தொடலை. மதியம் வரைக்கும் டிவி மேலயே கிடந்துச்சு. அப்புறம் குமரன் மதிய ஷிப்ட்டுக்குப் போனதும் கண்ணாடியை எடுக்கக் கூட்டைத் திறந்தேன். கண்ணாடிக்கு அடியில மூணு பட்டை. என்னையே பார்க்குது.

தீக் ஹை, ஒத்துக்கறேன். தினமும் போட்டேன். குழாய் விட்ட அன்னிக்கும் போட்டேன். வெறும் வயித்தோட வாங்கன்னாங்க, அது ஒண்ணை மட்டும் ஒரு மடக்குத் தண்ணியில போட்டுட்டுத்தான் போனேன். மாத்திரைன்னு நினைச்சாத்தானே சொல்ல.

புதன்கிழமை டாக்டரம்மாகிட்ட நோட்டைக் கொடுத்தேன். அவ ஒவ்வொரு பக்கமா திருப்பறா. வெளியில கூட்டம் காத்திருக்கு, இவ பாட்டுக்கு "புளிக்குழம்பு, அரை மணியில் வலி, இடது பக்கம், வெந்நீர் ஒத்தடம்"னு சத்தமா படிக்கிறா. "யாரு பாட்டி எழுதினது, நர்ஸா?"ன்னு கேட்டா. "என் தம்பி பொண்டாட்டி. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ"ன்னேன். "இந்த மாதிரி எழுதித் தர்ற ஆள் எனக்கு ஒவ்வொரு வீட்டுலயும் வேணும்"னா. பத்தாம் தேதி கரண்டைத் தள்ளி வெச்சுட்டா. மாத்திரையை அன்னிக்கே நிறுத்திட்டு, இரண்டு வாரம் கழிச்சு மறுபடி ஊதச் சொல்லியிருக்கா. இந்த நோய் அவசரப்படுத்தாது, இரண்டு வாரம் பொறுக்கலாமாம். கிருமி வந்தாத்தான் மாத்திரை, வரலைன்னா கரண்டுதான். அதையும் தெளிவா சொல்லிட்டா.

வீட்டுக்கு வந்து முழுசா படிச்சேன். "மதினி இட்லி 2. போதும் என்றார். போதாது"ன்னு ஒரு இடத்துல. "இன்று சிரித்தார்"னு ஒரு இடத்துல. கடைசி அட்டைக்கு உள்பக்கம், பென்சில்ல, கண்ணுக்குத் தெரியாத எழுத்துல, "கோயிலில் உடைத்த தேங்காய் 9"னு இருந்துச்சு. நான் முன்னால திரும்பிப் போய் சிவப்பு வட்டத்தை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

நான் நாலு இட்லி தின்ன நாளெல்லாம் நீ முருகனுக்குத் தேங்காய் உடைச்சிருக்கே.

நேர்ந்துக்கிட்டதை வெளியில சொல்லக்கூடாதுன்னு அன்னிக்கு அத்தனை பேர் முன்னால பேச்சு வாங்கிக்கிட்டு நின்னியே, உன்னை என்னத்தைச் சொல்ல. பைத்தியக்காரி.

நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனா படத்துல கை வெச்சு செய்த சத்தியம் போன்ல அவிழாது. அதே படத்துக்கு முன்னால வந்துதான் அவிழ்க்கணும். அதுவரைக்கும் லெட்டர்தான். உனக்கும் அதுதானே வசதி.

சொர்ணம்மா

---

முருகன் துணை

ஷாதிபூர்
15 மார்ச் 2025

அன்புள்ள மதினிக்கு,

நீங்களாகவே கண்டுபிடித்ததால் நேர்ச்சைக்குக் குற்றமில்லை என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டேன்.

மாத்திரை நிறுத்திய பிறகு நெஞ்சு எரியும் என்று கார்த்திகா சொன்னாள். புளி, மிளகாய் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். கண்ணாடிக் கூட்டில் இருக்கும் மூன்று பட்டையையும் குமரனிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் கை அதுவாகவே போய் எடுத்துவிடும், எனக்கு உங்கள் கையைத் தெரியும்.

கோயிலில் ஒரு சங்கடம். "மதினிக்குக் கிருமி இருக்க வேண்டும் முருகா" என்று எப்படி வேண்டுவது? யாராவது அப்படி வேண்டியிருப்பார்களா? இரண்டு நாள் யோசித்தேன். "இருப்பது தெரியட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். ஸ்வப்னாவும் அவள் பங்குக்குக் காளியிடம் வேண்டுகிறாள். அவள் நேராகவே கேட்டுவிட்டாளாம்.

இப்படிக்கு,
நீலாவதி

---

தாம்பரம்
27 மார்ச் 2025

நீலா,

இருக்கு. கிருமி இருக்கு.

ஊதின பையோட ரிப்போர்ட் வந்ததும் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தே சொன்னா. குமரன் வெளியில வந்து அரைக் கிலோ பால்கோவா வாங்கி எதிர் வீட்டுக்கெல்லாம் கொடுத்தான். "என்ன விசேஷம்"னு கேட்டாங்க. "அம்மா வயித்துல கிருமி இருக்குது"ன்னான். அவங்க பால்கோவாவையும் பார்க்கிறாங்க, அவனையும் பார்க்கிறாங்க.

பதினாலு நாள் மாத்திரை. வேளைக்கு ஒரு கை நிறைய. அதுல என்ன வேடிக்கைன்னா, அதே கேஸ் மாத்திரையும் இருக்கு. இப்போ டாக்டர் எழுதிக் கொடுத்தது, அதனால அதுக்கும் மரியாதை வந்துடுச்சு. வாய் முழுக்க இரும்பு கசப்பு. ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னா. நான் ஒரு நோட்டு வாங்கியிருக்கேன். பச்சை அட்டை. வேளை, மணி, மாத்திரை, எல்லாம் எழுதறேன். உன் அளவுக்குக் கையெழுத்து வரலை.

இதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதே. கிருமி செத்துதான்னு மே மாசம் பார்க்கணும், புண்ணு ஆறிச்சான்னு ஜூலையில குழாய் விடணும். போலீஸ் கலைய ஒரு வருஷம்கூட ஆகுமாம். கலையலைன்னா அப்போ கரண்ட் இருக்கவே இருக்கு. நான் பொறுமையா இருக்கப் பழகணும்னு டாக்டரம்மா சொன்னா. குமரன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

சொர்ணம்மா

---

தாம்பரம்
26 ஜூலை 2025

நீலா,

மே மாசம் கிருமி போச்சுன்னு தம்பி சொல்லியிருப்பான். நேத்து குழாயோட முடிவும் வந்துச்சு. புண் ஆறிடுச்சு. எடுத்த துணுக்குல ஒரே ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் அணுக்கள் மிச்சம் இருக்காம், சுருங்கிக்கிட்டே போகுதாம். "ரிட்டையர் ஆன போலீஸ், பென்ஷன் வாங்கிட்டுப் போயிடுவாங்க"ன்னு டாக்டரம்மாவே சொன்னா, என் பேச்சை எனக்கே திருப்பி. வைத்தியம் வேற வேண்டாம். ஆறு மாசத்துல மறுபடி வந்து காட்டணும், அப்புறமும் வருஷா வருஷம். வருவேன்.

எடை நாலு கிலோ ஏறியிருக்கு. உன் நீல நோட்டைக் கேட்டா, மாணவர்களுக்குக் காட்டணுமாம். தர மாட்டேன்னுட்டேன். ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டா. வட்டத்தை மட்டும் என்னன்னு கேட்டா. நான் சொல்லலை.

ஆகஸ்ட் கடைசியில கப்பல்ல வர்றேன். பிளேன்ல போன்னு குமரன் கத்தறான். அவங்கப்பா முப்பது வருஷம் கப்பல்ல இருந்தவர், நான் ஏன் பறக்கணும்? பெரார்கஞ்சுக்கு அப்புறம் போவேன். நேரா உன் சமையலறைக்குத்தான். சத்தியத்தை அவிழ்க்கிற வேலை இருக்கு. ஸ்வப்னாவையும் வரச் சொல்லு, டம்ளரோட.

சொர்ணம்மா

---

முருகன் துணை

ஷாதிபூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் தம்பி முழுவதும் படித்தார். நீங்கள் சொன்னது போலத்தான், பாதியில் அழுதார். மீதியை நான் படித்துக் காட்டினேன்.

ஆகஸ்டில் கடல் ஆடும். கப்பல் ஏறும்போது பக்கத்தில் யாராவது கேஸ் மாத்திரை நீட்டினால் வாங்காதீர்கள். வேண்டுமானால் டாக்டரம்மாவைக் கேட்டு வாங்கி, பச்சை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மொட்டைக் கழுத்துக் கோழி அடைகாத்து ஆறு குஞ்சு பொரித்திருக்கிறது. இப்போது ஏழு பேராக உங்கள் தம்பியைத் துரத்துகிறார்கள்.

நீங்கள் வரும் காலையில் சமையலறையில் இருக்கப்போகிறவர்கள் அதே ஐந்து பேர். படத்துக்குப் புது மாலை சொல்லிவிட்டேன். நீங்கள் சத்தியத்தை அவிழ்த்ததும் நான் முதலில் என்ன பேசுவது என்று ஏழு மாதமாக யோசித்து வைத்திருந்தது எல்லாம் இப்போது மறந்துவிட்டது. "உட்காருங்கள் மதினி" என்றுதான் வாயில் வரும் போலிருக்கிறது.

மூன்று விஷயம் மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கப்பல் ஹார்பரில் எந்த நாள், எத்தனை மணிக்குக் கட்டும், உங்களுக்கு எத்தனை இட்லி வைக்க வேண்டும். இனி நான் எண்ணப் போவதில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு என்றால் மாவு மட்டும் அரைத்தால் போதும். நாலு என்றால் முந்தின நாளே தேங்காயும் வாங்கி வைக்க வேண்டும்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நீலாவதி